எச்சம்

அது நல்ல வரி அல்ல.
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
கோவேறு கழுதையில் ஏறி
உச்சுபம்பாவுக்குப் போவேன்.
இல்லாதவன் வீட்டில் ஆட்டைப் பிடித்து வந்திருக்கிறேன்.
ஒருமுறை
விதைக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கை.

நான் எவரிஸ்தோ பால்யோன்,
அயகூச்சோ கருவூலத்தில் மூன்றாம் எழுத்தர்.

கழுதையின் மணி கேட்டால் போதும்,
ஊரே வாசலுக்கு வந்து வையும்.
பாலத்தில் கயிறு இற்றுக் கிடக்கிறது,
உன் அரசாங்கம் என்ன பிடுங்குகிறது?
தோன் இலாரியோ வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்,
எங்கே உன் நீதிபதி?
சதுர்னினா வில்காவுக்குக் குரல் பெரிது.
புருஷன் பெயருக்கு வந்த காசைப் பேரேட்டின் மேல் வைப்பாள்,
விரலை எடுக்க மாட்டாள்.
"சீட்டைக் கொடு. அப்புறம் எடு."

என் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள்:
கிழக்கே ஓடை, மேற்கே பிளந்த பாறை.
அதை நீட்டினால்
நீதிபதி நிமிர்ந்து உட்காருவார்.
வரி தரும் வயலை
யாருக்கும் தாரை வார்க்க
அரசுக்கு அன்றைக்கு மனம் வராது.

பிறகு பறவைகள் எங்களை ரட்சித்தன.

சிஞ்சாத் தீவுகளில்
நீர்க்காகங்கள் காலம்காலமாக இட்ட எச்சம்
பனை உயரத்துக்கு நின்றதாம்.
எந்தச் சீமையிலோ களைத்துப்போன வயல்களுக்கு
அது வேண்டியிருந்தது.
கப்பல்கள் வரிசையில் நங்கூரமிட்டு
மாதக்கணக்கில் காத்திருந்தன.
லண்டன் வணிகர்கள் முன்பணம் தந்தார்கள்,
அடுத்த வருஷத்து எச்சத்தின் மேல்,
அதற்கும் அடுத்த வருஷத்து,
இன்னும் முட்டையிலிருந்து வராத பறவையின் எச்சத்தின் மேல்.

அங்கே சட்டம் கண் விழித்திருந்தது.
கப்பலுக்கு நான்கு கையெழுத்து, இரண்டு முத்திரை.
பறவையைச் சுட்டவனுக்குச் சிறை.
தோண்டிய சீனர்களின் பெயர்களை மட்டும்
எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

லிமாவிலிருந்து ஆணை வந்தது:
தலைவரி ஒழிந்தது.
ஒரே வரியில் ஒழிந்தது வரி.
கோயில் மணி அடித்தார்கள். நானும் குடித்தேன்.
சதுர்னினா எனக்கே ஒரு கோப்பை ஊற்றினாள்.

அந்த மழையில் பாலம் போயிற்று.
கேட்டு யாரும் வரவில்லை.
நீதிபதி லிமாவுக்கு மாற்றலானார்,
கப்பல் வழக்குகள் அங்கேதானே.
அவருடைய நாற்காலியில் ஒரு கோழி ஏறிற்று.
அதன் எச்சத்தை வாங்க
எந்தக் கப்பலும் வரவில்லை.

எனக்குச் சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது.
பேரேட்டில் வரிகள் வெறுமனே ஓடின.
என்னை வைய ஆளில்லை.
நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

இருபது வருஷம் கழித்துத்
தீவு சுரண்டி முடிந்து பாறை தெரிந்தது.
கடன் தெரிந்தது.
மறுபடி ஆணை:
ஏறிப் போ. எண்ணு. வசூலி.

ஆற்றை இடுப்பளவு நீரில் கடந்தேன்,
பேரேட்டைத் தலையில் வைத்து.
மணி கேட்டும் ஒரு கதவும் திறக்கவில்லை.
வேலியோரம் நின்ற பையன் கேட்டான்:
"எங்கிருந்து வருகிறாய்?"
"அரசாங்கத்திலிருந்து."
"அது எந்தப் பண்ணை?"

சதுர்னினாவைத் தோன் இலாரியோவின் ஆடுகளுக்கு நடுவில் கண்டேன்.
வையவில்லை.
மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள்.
மடிப்புகளில் கிழிந்திருந்தது,
என் கையெழுத்து இளமையாக இருந்தது.
கிழக்கே ஓடை, மேற்கே பிளந்த பாறை.
இடையில் இப்போது
அவன் குதிரைகளுக்குக் குதிரைமசால்.

"இதற்கப்புறம் யாரும் சீட்டுத் தரவில்லை" என்றாள்.
"அது ஒன்றுதான் அவன் கேட்டான்."

செல்லாத பழைய பெசோ ஒன்றைப்
பேரேட்டின் மேல் வைத்தாள்.
நான் பேனாவைத் தோய்த்தேன்.
கிழக்கே, என்று எழுதினேன்.
மை காய்ந்தது.

அவள் இன்னும்
விரலை எடுக்கவில்லை.